தையல் மிதி பூட்டிய மோட்டார் சைக்கிள்

வாப்பாவின் வலது முழங்கால் ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தோடு மடங்குவதை நிறுத்திக்கொண்டது. அவர் மௌத்தாகிக் கண்மூடியது இந்த வருடம், நோன்புக்கு முந்திய மாதத்தில். இடைப்பட்ட காலம் முழுவதும் அந்தக் கால் முன்னால் போனது, அவர் பின்னால் போனார்.

பெயர் ஆதம்பாவா. கிண்ணியாவில் மெசின் ஆதம்பாவா என்றால்தான் தெரியும். தையல் மெசின் திருத்துவது தொழில். கிண்ணியா, மூதூர், தோப்பூர், துறைமுக நகரம், அதற்கு வடக்கே சல்லி என்று மெசின் இருந்த வீடெல்லாம் அவருடைய வட்டாரம். வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டே மெசினுக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். பாதி சரியாக இருக்கும். மற்றப் பாதியைச் சரியென்று காட்டுவதற்காக நல்ல உறுப்பையும் கழற்றிப் போடுவார்.

அந்த வெள்ளக் காலத்தில் மூதூரிலிருந்து லோஞ்சில், அதாவது மோட்டார்ப் படகில், நகரத்துக்கு வந்தார். தோளில் ஒரு மெசின் தலை. இறங்குதுறை ஜெட்டியில் கால் வைக்கும்போது லோஞ்ச் அலையில் விலகித் திரும்பி வந்தது. இடையில் முழங்கால் அகப்பட்டது. கடலில் விழாமல் மெசினைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றினார்கள், முழங்காலை அல்ல. இனி மடங்காது என்றார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், மெசினில் ஒரு கீறலும் இல்லை என்பார். அப்போது முகத்தில் வரும் பெருமையைப் பார்த்தால் அதுதான் கதையின் கரு என்று தோன்றும்.

பள்ளிவாசலில் அவர் இருந்து தொழும்போது கால் முன்னால் நீண்டு முந்திய வரிசைக்காரரின் முதுகில் முட்டியது. ஆகவே முதல் வரிசைக்குப் போனார். அங்கே இடம் கிடைக்க வேண்டுமென்றால் முதல் ஆளாகப் போக வேண்டும். ஆதம்பாவாவுக்கு மார்க்கப் பற்று கூடிவிட்டது என்று ஊர் சொன்னது. அவர் மறுக்கவில்லை.

ஆனால் தொழில் நின்றுபோனது. ஊர் ஊராகப் போகும் சைக்கிளை மிதிக்க முழங்கால் வேண்டும். கிண்ணியாவுக்குள் இருந்தவர்கள் மெசினை வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். மூதூரும் தோப்பூரும் வேறு ஆளைத் தேடின. நோன்புப் பெருநாளுக்கு முந்திய காலம்தான் அவருடைய அறுவடை. எல்லா வீட்டிலும் ஓயாமல் தைப்பார்கள், மெசின்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கும். ஐம்பத்தெட்டாம் ஆண்டுப் பெருநாளை வாப்பா கட்டிலில் கிடந்தபடி கழித்தார்.

இந்த இடத்தில் மாமா வருகிறார். கலீலுர் றஹ்மான், உம்மாவின் காக்கா, மூத்த சகோதரர். கடைத்தெருவில் பலசரக்குக் கடை. மறுத்துப் பேசுவதில் இன்பம் காண்பவர். மழை என்றால் தூறல் என்பார், தூறல் என்றால் மழை என்பார். தங்கை மாப்பிள்ளைக்கென்று காசுமேசைக்குப் பின்னால் ஒரு புதிய கதிரை வாங்கிப் போட்டார். கால் நீட்ட ஒரு முக்காலி, அதன்மேல் மடித்த சாக்கு. நிழலில் இருந்து கணக்கைப் பார்த்தால் போதும் என்று ஆள்மேல் ஆள் அனுப்பினார். முழுக்க முழுக்க அன்பு. வாப்பா அந்தச் சாக்கைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் பல்லைக் கடிப்பார். கதிரையைக்கூட மன்னித்துவிடுவாராம், சாக்கை மன்னிக்க ஏலாதாம்.

அந்தக் கதிரையில் இருந்தால் பிறகு எழும்ப மாட்டோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த நோன்புக்கு முன்னர் றோட்டில் இறங்க வேண்டும். இல்லையென்றால் கதிரைதான்.

*

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது பட்டறைகளில் கிடந்ததையெல்லாம் ஏலம் போட்டார்கள். அந்தப் பட்டறையில் வெல்டராக இருந்தவர் இரத்தினசிங்கம். வேலை போன பிறகு நகரத்தில், உட்துறைமுக வீதிப் பக்கம், தகரக் கொட்டகை ஒன்றில் தொழில் தொடங்கினார். ஏலத்தில் ஒரு பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளும் எடுத்திருந்தார். யுத்த காலத்து வண்டி, ஒரு கன்றுக்குட்டியைவிடப் பாரம். எடுத்த பிறகுதான் தனக்கு அதில் ஏறப் பயம் என்று கண்டுபிடித்தார். கொட்டகையின் மூலையில் சாக்குப் போட்டு மூடி, வருகிறவர்களிடம் எஞ்சினின் அருமையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவியின் தையல் மெசினைப் பார்க்க பஸ்ஸில் போன வாப்பா இதைக் கண்டார். சைக்கிளுக்குத்தான் முழங்கால் வேண்டும், மோட்டார் சைக்கிளுக்குக் கால் சும்மா இருந்தால் போதும் என்பது அவருடைய வாதம். பாதி சரி.

மற்றப் பாதி இது. அந்தக் காலத்து வண்டிகளில் கியர் வலது காலில், பின் பிறேக் இடது காலில். கால் வைக்கும் இடம் எஞ்சினுக்குப் பக்கத்தில், இருப்பவரின் இடுப்புக்கு ஏறக்குறைய நேர் கீழே. அங்கே பாதத்தை வைக்க முழங்கால் மடங்க வேண்டும். வாப்பா ஏறி இருந்தபோது இடது கால் ஒழுங்காக இருந்தது. வலது கால் நேரே நீட்டிக்கொண்டு முன் சில்லைத் தடவப் பார்த்தது. பாதத்துக்கும் கியர்க் கம்பிக்கும் ஒரு முழத்துக்கு மேல் தூரம்.

கால் கியருக்கு வராது. ஆகவே கியர் காலுக்குப் போக வேண்டும். அதற்கு வண்டியின் முன் குழாயில், அதாவது கைப்பிடியின் அடியிலிருந்து எஞ்சினுக்கு முன்னால் இறங்கும் பிறேம் குழாயில், ஒரு தாங்கி வைக்க வேண்டும். இரத்தினசிங்கம் மறுத்தார்.

"ஐசே, பிறேமில கை வைக்க ஏலாது. பிழையான இடத்தில சூடு காட்டினா ஒருநாள் றோட்டில ரெண்டாப் போகும். அது கடவுள் தந்த உடம்பு மாதிரி."

"அல்லாஹ் தந்த காலையே ஆஸ்பத்திரில மாத்திப் போட்டாங்க," என்றார் வாப்பா. "இது வெள்ளைக்காரன் செஞ்ச குழாய்தானே."

முதலில் சூடு காட்டாமல் பார்த்தார்கள். இரண்டு பாதி வளையங்களைத் திருகாணியால் இறுக்கி, அதில் தாங்கியைப் பூட்டினார்கள். மடங்காத கால் நல்ல நெம்புகோல். வாப்பா காலை வைத்ததும் வளையம் குழாயைச் சுற்றித் திரும்பிக் கால் தரையைத் தொட்டது. இன்னும் இறுக்கினார்கள். இன்னும் மெதுவாகத் திரும்பியது.

பிறகு இரத்தினசிங்கம் தானே ஒரு வழி சொன்னார். கொஞ்சம் பெரிய குழாய் ஒன்றை நீளவாட்டில் பிளந்து, பிறேம் குழாய்க்கு மேல் சட்டைபோலப் போர்த்தி வெல்டிங்கால் ஒட்டுவது. தாங்கியைச் சட்டையில் ஒட்டுவது, குழாயில் அல்ல. நான் பின்னாளில் கட்டுபெத்தை வளாகத்தில் இயந்திரவியல் படித்தபோது இதையே படம் போட்டுக் கற்பித்தார்கள். முறை சரி. ஆனால் சட்டை என்ற சொல்லை அவர் வாப்பாவுக்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. சட்டை என்றால் தையல் எந்தப் பக்கம் வரும் என்று வாப்பா கேட்டார். சட்டைக் கைக்குத் தையல் கீழேதான் வரும், ஆகவே இதற்கும் பின்பக்கம் வரட்டும் என்றார். பக்கவாட்டில் வர வேண்டும் என்றார் மற்றவர். இரண்டு நாள் வேலை நின்றது. இருவரும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு குழாயைப் பார்த்தபடி இருந்தார்களாம். கடைசியில் பக்கவாட்டில்தான் ஒட்டினார்கள். அதுதான் சரி. ஒட்டின் அழகைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒரு ஒட்டைப் பரீட்சையில் போட்டிருந்தால் என்னைப் பெயிலாக்கியிருப்பார்கள். அந்த பிறேம் இன்றும் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் இருக்கிறது. போன கிழமை துருவைச் சுரண்டிப் பார்த்தேன். வெடிப்பு இல்லை.

அடுத்தது மிதி. இந்த யோசனை முழுவதும் வாப்பாவுடையது. பழைய தையல் மெசின் ஒன்றின் கீழ்ப்பகுதியைக் கழற்றி, அதன் இரும்பு மிதியைப் பஸ்ஸில் கொண்டுபோனார். பூ வேலை செய்த அகலமான தட்டு, முழுப் பாதமும் அடங்கும். நடுவில் அச்சு. விரல் பக்கம் அமத்தினால் முன்னால் சாயும், குதிகாலை அமத்தினால் பின்னால் சாயும். மிதியையும் சில்லையும் இணைக்கும் கம்பியையும் கொண்டுபோயிருந்தார். மிதியைத் தாங்கியில் பூட்டி, கம்பியால் கியரோடு இணைத்தார்கள். விரல்பக்கம் அமத்தினால் கியர் கூடும். குதியை அமத்தினால் குறையும். முழங்கால் தேவையில்லை, கணுக்கால் போதும்.

இரத்தினசிங்கம் சிரித்து முடிய நேரம் எடுத்ததாம். பிறகு தானே இருந்து பார்த்துவிட்டு, அச்சுக்கு எண்ணெய் விட்டார். நல்ல யோசனை. இப்போது பார்த்தாலும் நல்ல யோசனை. பிழையும் அதற்குள்தான் இருந்தது.

வேறு சில்லறைக் கரைச்சல்களும் இருந்தன. புகைக்குழாய் வலப்பக்கத்தால் போனது, நீட்டிய காலுக்குக் கீழே. காற்சட்டை போடச் சொன்னார் இரத்தினசிங்கம். வாப்பா இடுப்பில் கட்டிய சாரத்தோடுதான் வண்டி ஓடினார். இடையில் ஒரு தகரம் வைத்தும் சாரம் ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் ஒரு கருகல் இருந்தது. கொடியில் காயும் சாரத்தைப் பார்த்தே இது யாருடையது என்று தெருவில் போகிறவர் சொல்லலாம்.

எஞ்சினை உதைக்கும் கம்பியும் வலப்பக்கம். இருந்தபடி உதைக்க அவரால் ஏலாது. வண்டியை ஸ்ராண்டில் நிறுத்தி, வலப்பக்கமாக இறங்கி நின்று, விறைத்த காலில் ஊன்றிக்கொண்டு இடது காலால் உதைப்பார். எஞ்சின் பிடித்ததும் அந்தப் பக்கத்தாலேயே ஏறுவார். உலகம் இடப்பக்கத்தால் ஏறும், ஆதம்பாவா வலப்பக்கத்தால் ஏறுவார். இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். எஞ்சின் நின்றுபோனால் அவர் இறங்காமல் அதை மீண்டும் எழுப்ப ஏலாது.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று உம்மா சுற்றிப் பார்த்தார். பெயர் றுக்கியா, அவரும் தைப்பவர். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கியர் மாத்தாத நேரம் கால் எங்க இரிக்கும்?"

"மிதியிலதான். சும்மா இரிக்கும்."

"உங்கட கால் எப்ப சும்மா இருந்திச்சி?"

வாப்பா இதைப் பெண்களுக்கு இயந்திரம் விளங்காது என்ற கணக்கில் சேர்த்துக்கொண்டார். ஆனால் ஊரறிந்த விஷயம் அது. அவருடைய பாதம் ஆடும். வாழ்நாளில் பாதியைத் தையல் மெசினுக்கு முன்னால் இருந்து, மிதித்துப் பார்த்துக் கழித்த மனிதர். பாதத்துக்குக் கீழே எது இருந்தாலும், ஒன்றும் இல்லாவிட்டாலும், கதைக்கும்போது அது மிதிக்கத் தொடங்கும். விரல், குதி, விரல், குதி. அவருக்கே தெரியாது. இந்த வருடம் ஆஸ்பத்திரியில் போர்வைக்குள் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, வலிப்பு வருகிறது என்று தாதி டொக்டரைக் கூப்பிடப் போனார். இல்லை, எங்களோடு கதைத்துக்கொண்டிருக்கிறார் என்று நான் விளங்கப்படுத்தினேன்.

உட்துறைமுக வீதியில் ஓடிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. கூட யாரும் இல்லை. கதைக்க ஆள் இல்லை.

*

மாமா வண்டியைப் பார்க்க வந்தார். மோட்டார் சைக்கிள் அல்ல, மௌத்துக்குப் போகும் வாகனம் என்றார். தங்கையைக் கைம்பெண் ஆக்க விட மாட்டேன் என்றார். வாப்பா விட்டுக்கொடுக்கவில்லை. மாமா கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். இருவருடைய கதையிலும் இந்தச் சொற்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன, ஆகவே நம்பலாம்.

"என்னைப் பின்னால வெச்சி மூதூருக்குப் போய் வாங்க மச்சான். வழியில ரெண்டு பேர்ல ஆர் முதல்ல இறங்குறாரோ அவர் தோத்தவர். நீங்க இறங்கினா நாளைக்கே கதிரைக்கு வாறீங்க. நான் இறங்கினா இனி வாய் திறக்க மாட்டன்."

மாமா வாய் திறக்காமல் இருப்பது நடக்கிற காரியம் அல்ல. வாப்பா ஒத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். போகும் வழியில் பாதைகள் வரும். ஆற்றைக் கடத்திவிடும் மிதவையை எங்கள் பக்கம் பாதை என்போம். அதில் எல்லாரும் இறங்கித்தான் ஏற வேண்டும், ஆகவே பாதையில் இறங்குவது கணக்கில் இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

நோன்புக்கு மூன்று கிழமை இருக்கும். மாசிப் பனி விலகிய காலை. மூதூரில் ஆமினா உம்மா என்பவரின் மெசின் தலை திருத்தி முடிந்து நெடுநாளாக எங்கள் வீட்டில் கிடந்தது. வேலையும் ஆகட்டும் என்று அதை மாமாவின் மடியில் வைத்தார் வாப்பா. மாமா ஒரு கையால் மெசினையும் மறு கையால் வாப்பாவின் இடுப்புப் பட்டியையும் பிடித்துக்கொண்டார். வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் கிளம்பியது. இது மாமாவே சொன்னது.

முதல் மைலில் மாமா ஒன்றும் கதைக்கவில்லை. கலிமா சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு பயம் தெளிந்தது. இந்த மெசினுக்கு என்ன பழுது என்று கேட்டார்.

வாப்பாவிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. அவர் மெசினில் அடிநூலைக் கொண்டோடும் ஓடத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார், நூல் எங்கே சிக்குகிறது, ஊசி எப்போது இறங்க வேண்டும் என்று. பாதம் மிதிக்கத் தொடங்கியது. கியர் குறைந்தது. எஞ்சின் அலறி, வண்டி முன்னால் குனிந்தது. மாமாவின் நெற்றி வாப்பாவின் பிடரியில் மோதியது. உடனே கியர் கூடியது. மாமா பின்னால் சாய்ந்தார். வாப்பா கதையை நிறுத்தி வண்டியைக் கவனித்தார். எல்லாம் சரியானது. றோட்டில் பள்ளம் என்று சொன்னார்.

மாமா கெட்டிக்காரர். அடுத்த பாதைக்கு முன்னரே கண்டுபிடித்துவிட்டார். தான் கேட்டால் வாப்பா கதைப்பார், வாப்பா கதைத்தால் வண்டி துள்ளும். கேட்காமல் விட்டால் ஓடும். உயிர் மேல் ஆசை உள்ள மனிதன் வாயை மூடிக்கொள்வான். மாமாவால் அரை மைலுக்கு மேல் மூட முடியவில்லை. ஒரு வளவைக் கண்டால் அது யாருடையது என்று கேட்க வேண்டும். வாப்பா சொன்னதும், இல்லை, அது இன்னாருடையது என்று மறுக்க வேண்டும். பிறகு வாப்பா விளங்கப்படுத்த வேண்டும். இப்படி இருவரும் தலைகளை மோதிக்கொண்டு, வயல்களுக்கு நடுவில், மூதூர்ப் பக்கம் நகர்ந்தார்கள்.

எருமைகள் ஒரு வளைவுக்கு அப்பால் நின்றன. தயிருக்கு வளர்க்கும் மந்தை, றோட்டை நிறைத்துக்கொண்டு. மாமா அப்போது கதிரையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சாக்கு வேண்டாமென்றால் தலையணை போடலாம் என்று சொன்னாராம். தலையணையைப் பற்றி வாப்பாவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. எருமைகளைக் கண்டபோது குதியை அமத்த வேண்டும். பாதம் அந்த நேரம் விரல்பக்கத்தில் இருந்தது. வேகம் கூடியது. கையாலும் இடது காலாலும் இரண்டு பிறேக்கையும் பிடித்தார். வண்டி திமிறி, இரண்டு எருமைகளுக்கு நடுவில் போய் நின்றது. எஞ்சினும் நின்றது.

யாருக்கும் அடியில்லை. எருமைகள் அசை போட்டன.

இனித்தான் விஷயம். எஞ்சினை எழுப்ப வாப்பா இறங்க வேண்டும். இறங்கினால் தோல்வி, நாளைக்குக் கதிரை. அவர் இறங்கவில்லை. மாமாவுக்கும் இது தெரியும். அவரும் இறங்கவில்லை. சத்தமில்லாத மோட்டார் சைக்கிளில், எருமை மந்தைக்கு நடுவில், மடியில் தையல் மெசினோடு, இரண்டு பெரிய மனிதர்கள் இருந்தார்கள்.

மந்தை மெதுவாக விலகிப் போனது. அவர்கள் இருந்தார்கள். வெயில் ஏறியது. மாட்டு வண்டியில் வந்த ஒருவர் நிறுத்தி, எண்ணெய் முடிந்ததா என்று கேட்டார். இல்லை என்றார் வாப்பா. பழுதா என்று கேட்டார். இல்லை என்றார் மாமா. அப்படியென்றால் ஏன் நிற்கிறீர்கள் என்றதற்கு வாப்பா றோட்டையும் மாமா மெசினையும் பார்த்தார்கள். அவர் மாட்டைத் தட்டிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார்.

வாப்பா இந்த இடத்தைச் சொல்லும்போது மாமாவைப்போல முகத்தை உம்மென்று வைத்துக் காட்டுவார். தான் கல்லுப்போல இருந்ததாகச் சொல்வார். நான் நம்பவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அவருடைய வலது கால் முன்னால் மிதியில் நீண்டிருந்தது. அது தரைக்கு எட்டாது. நின்ற வண்டியை விழாமல் பிடித்தது இடது கால் ஒன்றுதான். வண்டியின் பாரம், மாமாவின் பாரம், அவர் மடியிலிருந்த இரும்பின் பாரம், எல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்து, ஒரே காலில். எந்தக் காலும் அதிக நேரம் அசையாமல் நிற்காது. முதலில் தொடை நடுங்கும். பிறகு வண்டி முழுவதும் நடுங்கும். பின்னால் இருக்கிறவருக்கு அது நன்றாகத் தெரியும். முன்னால் இருக்கிறவரின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை.

மாமா மெசினைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"எனக்குப் பயமா இரிக்கி மச்சான்," என்றார். "இதில வர என்னால ஏலா. நான் நடந்து வாறன்."

வாப்பாவின் வாழ்க்கையிலேயே பெரிய வெற்றி அது. அதற்குப் பிறகு எந்தக் கலியாண வீட்டிலும், எந்தக் கந்தூரியிலும், மாமா எருமைக்குப் பயந்து இறங்கிய கதையைச் சொல்லாமல் அவர் எழும்பியதில்லை. மாமாவும் சபையில் இருப்பார். மழையைத் தூறல் என்றும் தூறலை மழை என்றும் மறுக்கும் மனிதர், இந்த ஒரு கதையை மட்டும் மறுத்ததில்லை. ஓம், பயந்துபோனேன் என்று தலையாட்டுவார். இந்த வருடம் வாப்பாவை மண்ணில் அடக்கிவிட்டு வந்த பின்னேரம் நான் அவரிடம் கேட்டேன், உண்மையில் எருமைக்கா பயந்தீர்கள் என்று.

"ஓம் மகன், பயந்துதான் இறங்கின," என்றார். எதற்கு என்று நான் மேலும் கேட்கவில்லை.

எஞ்சினை உதைத்ததும் மாமாதான். வாப்பா இறங்காமல் இருந்தபடி உத்தரவு போட்டார். முதல் உதையில் கம்பி திருப்பி அடித்தது, மாமாவின் செருப்பு வயலில் விழுந்தது. பிறகு பிடித்தது. மெசின் தலையைப் பின் இருக்கையில் கயிறு போட்டுக் கட்டினார்கள். மாமா நடக்க, வாப்பா முதல் கியரில் அவர் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு போனார், கொஞ்சத் தூரம் ஏறி வாங்க என்று கூப்பிட்டபடி. கதைத்துக்கொண்டு போனதால் வண்டி இடைக்கிடை துள்ளியது. ஒவ்வொரு துள்ளலுக்கும் மாமா றோட்டின் மறுபக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்தார். பொறுக்க முடியாமல் கடைசியில், போய் அந்தப் பொம்பிளையின் மெசினைக் கொடுங்கள் என்று துரத்திவிட்டார்.

ஆமினா உம்மாவின் வீட்டில் மெசின் ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர்களும் தங்கள் பழுதுகளைச் சொல்ல வந்தார்கள். நோன்பு தொடங்கிய பிறகு வருகிறேன் என்று வாப்பா எல்லாருக்கும் வாக்குக் கொடுத்தார். திரும்பும் வழியில் கதைக்க ஆள் இல்லாததால் ஒரு குறையும் இல்லாமல் ஓடினார். மிதியின் பிழையை அடுத்த கிழமையே திருத்தினார்கள். தாங்கியின் முனையில் அசையாத கட்டை ஒன்றை ஒட்டினார்கள், கால் சும்மா இருக்கவென்று. கியர் மாற்றும்போது மட்டும் பாதம் மிதிக்கு வரும். இந்த யோசனை யாருடையது என்று உம்மா கேட்டாராம். இரத்தினசிங்கத்துடையது என்றார் வாப்பா. இரத்தினசிங்கத்திடம் கேட்டிருந்தால் வாப்பாவுடையது என்றிருப்பார்.

மாமா அன்று மூதூரிலிருந்து லோஞ்சில் நகரத்துக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, பாதை கடந்து கிண்ணியாவுக்கு வந்து சேர அந்தி, மஃரிப் தொழுகை நேரம் ஆகிவிட்டது. கடையை மாமி பார்த்துக்கொண்டிருந்தார். வாப்பா முன்னரே வந்து, நீங்கள் போய்த் தொழுங்கள் என்று அவரை உள்ளே அனுப்பிவிட்டு, காசுமேசைக்குப் பின்னால் அந்தப் புதிய கதிரையில் இருந்தார். முக்காலியில் காலை நீட்டி, சாக்கின்மேலேயே வைத்துக்கொண்டு. ஒரு ஆளுக்குச் சீனி நிறுத்துக் கொடுத்திருக்கிறார். கூடுதலாக நிறுத்துவிட்டார் என்று மாமி பிறகு கண்டுபிடித்தார்.

தூசியோடும் ஒற்றைச் செருப்போடும் மாமா படியேறினார். வாப்பா எழும்பவில்லை. மாமா எதிரே நின்று பார்த்தார்.

"வசதியாத்தான் இரிக்கி," என்றார் வாப்பா. "நீங்க சொன்னது சரி. நீங்க இருங்க மச்சான், நடந்து களைச்சிட்டீங்க."

எழுந்து கதிரையைத் துடைத்துவிட்டார். மாமா இருந்தார். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒன்றும் கதைக்கவில்லை. தண்ணீர் கேட்பதற்குக்கூட உள்ளே பார்த்துக் கையைத்தான் காட்டினார்.

வாப்பா வெளியே வந்தார். வண்டியை ஸ்ராண்டில் நிறுத்தி, வலப்பக்கம் நின்று, இடது காலால் உதைத்தார். மூன்றாவது உதையில் பிடித்தது. ஏறி, காலை மிதியில் நீட்டி, சாரத்தை ஒதுக்கிக்கொண்டு, கடைத்தெருவில் எல்லாரும் பார்க்க வீட்டுக்குப் புறப்பட்டார்.

வீடு கடைக்கு நேர் எதிரே, தெருவின் மறுபக்கம்.